ஓய்ந்த பாட்டரியும் உதவும் பாட்டரியும்

அங்கத்தினர் கல்விப் பகுதி

கொள்முதல் நாளன்று விடியற்காலையில் சங்கத்தின் வண்டி கிளம்ப மறுத்து நின்றுவிட்டால் உண்டாகும் சங்கடத்தை அறியாத அங்கத்தினர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். நெசவாளர் சங்கமாயின், முதல் நாள் இரவே கட்டி வைத்த சேலை மூட்டைகள் வண்டியில் காத்துக் கிடக்கும். விவசாயிகள் சங்கமாயின், பறித்து ஏற்றிய காய்கறிகள் வெயில் ஏற ஏற வாடத் தொடங்கும். டிரைவர் சாவியைத் திருப்புவார். ‘டக்’ என்ற ஒலி ஒன்று கேட்கும். அதற்கு மேல் ஒன்றும் நடவாது. உடனே கூட்டத்தில் ஒருவர், “அடுத்த வண்டியிலிருந்து இரண்டு கம்பி கொடுத்தால் போதும், கிளம்பிவிடும்” என்பார். அவர் சொல்வது உண்மையே. ஆயினும் அந்த இரண்டு கம்பிகளை எந்த வரிசையில், எங்கெங்கே பொருத்த வேண்டும் என்பதை அறியாமல் செய்யும் உதவி, ஒரு மனிதரின் கண் பார்வையையே விலையாகக் கேட்டுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு களத்து மேட்டில் நடந்ததை இதை எழுதுபவர் நேரில் கண்டார். நின்றுபோன டிராக்டர் ஒன்றுக்குப் பக்கத்து டிராக்டரிலிருந்து கம்பி கொடுத்தார்கள். மூன்று கவ்விகளும் சரியாகவே பொருத்தப்பட்டன. நான்காவது கவ்வியை இளைஞர் ஒருவர் ஓய்ந்த பாட்டரியின் முனையிலேயே வைத்தார். அது சரியாகப் பற்றவில்லை. எடுத்து மறுபடியும் வைத்தார். பொறி பறந்தது. வெடிச் சத்தத்தோடு பாட்டரியின் மேல்மூடி பிளந்து, உள்ளிருந்த அமிலம் அவர் முகத்தில் தெறித்தது. நல்வினைப் பயனாக அருகிலேயே பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. அவரைத் தூக்கிச் சென்று, விழும் தண்ணீரின் அருகே இருத்தி, நெடுநேரம் கண்களைக் கழுவினார்கள். அதனாலேயே பார்வை தப்பியது. அந்த இளைஞர் சோம்பேறியும் அல்லர், முரடரும் அல்லர். உதவி செய்ய வந்தவர். அவர் அறியாதிருந்தது ஒரே ஒரு விஷயந்தான். அந்த ஒரு விஷயத்தை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

பாட்டரிக்குள் நடப்பது என்ன?

மோட்டார் வண்டிகளில் சாதாரணமாக வைக்கப்படும் பாட்டரி ஈய-அமில வகையைச் சேர்ந்தது. 1859-ஆம் ஆண்டில் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடித்த தத்துவமே இன்றளவும் அதற்கு அடிப்படை. 1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் கார்களில், சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சாரத் தொடக்க மோட்டார் வந்தது. அதற்கு முன்பெல்லாம் வண்டியின் முன்னால் நின்று, இரும்புக் கைப்பிடியால் இயந்திரத்தைச் சுற்றியே கிளப்ப வேண்டியிருந்தது. அந்தக் கையின் வேலையைத்தான் இப்போது பாட்டரி செய்கிறது.

12 வோல்ட் பாட்டரிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும், ஈய டை ஆக்சைடு பூசிய தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கி நிற்கின்றன. பாட்டரி மின்சாரம் கொடுக்கக் கொடுக்க இரு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் இம்மாறுதலைத் திருப்பி, பாட்டரியைப் பழைய நிலைக்குக் கொண்டு வருகிறது. இவ்வாறு மின்னேற்றம் நடக்கும்போது, முக்கியமாக அது நிறைவை நெருங்கும்போது, அமிலத்திலுள்ள தண்ணீரில் ஒரு பகுதி பிரிந்து ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற இரண்டு வாயுக்களாகி, மூடியின் சிறு துவாரங்கள் வழியே வெளியேறுகிறது.

இந்த ஹைட்ரஜனே நாம் அஞ்ச வேண்டிய பொருள். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு கலந்திருந்தாலே ஒரு சிறு பொறியில் தீப்பற்றிவிடும்.

12 வோல்ட் மின்சாரம் நம்மைத் தாக்கி உதறாது. அதனால் பலர் பாட்டரியைப் பற்றி அலட்சியமாக இருக்கிறார்கள். வீட்டில் விளக்குக்கும் விசிறிக்கும் உரிய பிளக்கில் 5 ஆம்பியர் அளவே மின்னோட்டம் செல்லலாம். தொடக்க மோட்டாரோ சிறு காரிலேயே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. டீசல் டிராக்டரில் அது பல நூறு ஆம்பியராகும். அத்தகைய ஓட்டம் ஒரு மோதிரத்தின் வழியாகவோ ஸ்பானரின் வழியாகவோ பாய்ந்தால், அந்த உலோகம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். ஆகவே இங்கே அபாயங்கள் மூன்று: பொறியும் வாயுவும் சேர்ந்த வெடிப்பு, அமிலம், சூடு.

மனத்திற் கொள்ள வேண்டிய ஒரே உண்மை

இரண்டு பாட்டரிகளை இணைக்க நான்கு இடங்களில் கவ்விகளைப் பொருத்துகிறோம். முதல் மூன்றைப் பொருத்தும்வரை மின்னோட்டத்திற்கு முழு வழி அமையவில்லை. ஆகவே முறைப்படி வைத்தால் பொறி எழாது. நான்காவது கவ்வி தொடும் கணத்தில் வழி முழுமை பெறுகிறது. அங்கே பொறி தோன்றுவது இயல்பு. அதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் அந்தப் பொறி எங்கே தோன்ற வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். பாட்டரியின் மேல் வாயு இருக்கக்கூடும். எனவே கடைசிப் பொறி பாட்டரியை விட்டு விலகிய இடத்தில் தோன்றட்டும். மேலே கூறிய இளைஞர் அறியாதிருந்த விஷயம் இதுவே. இதன் காரணத்தை உணர்ந்தவருக்கு வரிசை தானே நினைவில் நிற்கும்.

முதலில் நோயை அறிக

வண்டி கிளம்பவில்லை என்றவுடனே பாட்டரி ஓய்ந்துவிட்டது என்று முடிவு செய்யலாகாது. முன்விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு மங்கலாக எரிந்து, சாவியைத் திருப்பும்போது அணைந்துபோகுமானால் பாட்டரியில் வலுவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். விளக்கு நன்றாக எரிந்தும் இயந்திரம் சுழலாவிட்டால் குறை தொடக்க மோட்டாரிலோ, அதன் இணைப்பிலோ இருக்கக்கூடும். இயந்திரம் நன்றாகச் சுழன்றும் பற்றாவிட்டால் டீசல் வரவில்லையா, குழாயில் காற்று புகுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமேயன்றி, பாட்டரியைக் குறை கூறிப் பயனில்லை.

பாட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், அல்லது கவ்வி தளர்ந்திருந்தால், நல்ல பாட்டரியும் வேலை செய்யாது. இணைப்பை இறுக்கியவுடனே வண்டி கிளம்பிய சந்தர்ப்பங்கள் பல உண்டு. மின்னழுத்தம் அளக்கும் கருவி இருந்தால், வண்டி சில மணி நேரம் நின்ற பின் அளந்து பார்க்கலாம். நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் அல்லது சற்று அதிகமாகக் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அது ஏறக்குறைய ஓய்ந்த நிலையில் இருக்கிறது என்று அறியலாம்.

எப்போது கம்பி கொடுக்கலாகாது?

பாட்டரியின் பெட்டி வெடித்தோ, உப்பியோ, அமிலம் கசிந்தோ காணப்பட்டால் அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வீசினாலும் அவ்வாறே. அமிலத்தின் மட்டம் தகடுகளுக்குக் கீழே இறங்கியிருந்தாலும் கம்பி கொடுக்கக் கூடாது. மூடிக்குள் வெற்றிடம் மிகுந்து, அங்கே வாயு தேங்க இடம் உண்டாகிறது. அமில மட்டத்தைப் பார்க்கத் தீக்குச்சி கிழிப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். டார்ச் விளக்கே போதும்.

அடுத்தபடியாக, இரண்டு வண்டிகளின் மின்னழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு தொட்டிகளை உவமையாகக் கொள்ளலாம். சம உயரத்தில் கட்டிய தொட்டிகளை வாய்க்காலால் இணைத்தால், நிறைந்ததிலிருந்து குறைந்ததற்குத் தண்ணீர் அடக்கமாகப் பாயும். ஒன்றை மாடியிலும் மற்றொன்றைத் தரையிலும் கட்டி இணைத்தால், கீழே உள்ளது உடையும். கார், சிறு சரக்கு வண்டி, பெரும்பாலான டிராக்டர்கள் ஆகியவற்றில் இருப்பது 12 வோல்ட். பெரிய லாரிகளிலும் பஸ்களிலும் பெரும்பாலும் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். 24 வோல்ட் லாரியிலிருந்து 12 வோல்ட் டிராக்டருக்கு நேரே கம்பி கொடுத்தால் பாட்டரி வெடிக்கலாம். மின்னணுச் சாதனங்கள் கருகலாம். அளவு தெரியாவிட்டால் கொடுக்காமலிருப்பதே உசிதம்.

பழைய பிரிட்டிஷ் டிராக்டர்கள் சிலவற்றில், இன்றைய வழக்கத்திற்கு மாறாக, பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அத்தகைய வண்டியை மேற்பார்த்து அறிந்துகொள்ளாமல் இணைக்கலாகாது. மின்சாரத்தால் ஓடும் வண்டிகளின் பெரிய பாட்டரியை இப்பாடத்தைக் கொண்டு ஒருபோதும் தொடக்கூடாது. அவற்றைக் கம்பி கொடுக்கும் வண்டியாகவும் உபயோகிக்கலாகாது.

வேண்டிய சாதனங்கள்

ஜம்பர் கேபிள் எனப்படும் தடித்த இணைப்புக் கம்பிகள் இரண்டு வேண்டும். ஒன்று சிவப்பு, மற்றொன்று கறுப்பு. உள்ளே உள்ள செம்பு, சிறு காருக்குக் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர் பருமனும், டீசல் வண்டிக்கும் டிராக்டருக்கும் 25 அல்லது 35 சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ளதாக இருப்பது நல்லது. மேலே ரப்பர் தடித்திருப்பதைக் கொண்டு மட்டும் கம்பியை மதிக்கலாகாது. உள்ளே செம்பு எவ்வளவு என்பதே கேள்வி. வீட்டு மின் இணைப்புக்கான மெல்லிய கம்பியை முறுக்கி வைத்துக்கொண்டு முயல்வது, சிற்றோடையில் பெருவெள்ளத்தைத் திருப்புவது போலாகும். கம்பி உருகிக் கையைச் சுடும்.

கண்ணுக்கு மூடிய கண்ணாடியும், கைக்கு ரப்பர் உறையும், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் வைத்துக்கொள்ள வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி, வளையல் ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிட வேண்டும். வேட்டியை இறுக மடித்துக் கட்ட வேண்டும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் விசிறியும் பெல்ட்டும் நூல் தலைப்பை இழுத்துக்கொள்ளும் என்பதை நெசவாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீடி, சிகரெட் அருகே வரலாகாது.

இணைக்கும் வரிசை

1. இரண்டு வண்டிகளையும் கம்பி எட்டும் தூரத்தில், ஒன்றையொன்று தொடாதபடி நிறுத்துக. கியரை நியூட்ரலில் வைத்துக் கைபிரேக்கை இழுத்துவிடுக; தானாகக் கியர் மாறும் வண்டியாயின் நிறுத்தக் கியரில் வைக்க. இரண்டு சாவிகளையும் அணைத்து, விளக்கு, விசிறி, ரேடியோ யாவற்றையும் நிறுத்துக.

2. பாட்டரிகளில் கூட்டல் குறியிட்ட நேர்முனை எது, கழித்தல் குறியிட்ட எதிர்முனை எது என்பதைத் துடைத்துப் பார்த்து உறுதி செய்க. சுற்றியுள்ள உறையின் நிறத்தை மட்டும் நம்பலாகாது. யாரேனும் மாற்றிப் போட்டிருக்கலாம்.

3. சிவப்புக் கம்பியின் ஒரு கவ்வியை ஓய்ந்த பாட்டரியின் நேர்முனையில் பொருத்துக.

4. சிவப்புக் கம்பியின் மறு கவ்வியை உதவும் பாட்டரியின் நேர்முனையில் பொருத்துக.

5. கறுப்புக் கம்பியின் ஒரு கவ்வியை உதவும் பாட்டரியின் எதிர்முனையில் பொருத்துக.

6. கறுப்புக் கம்பியின் மறு கவ்வியை, ஓய்ந்த வண்டியின் இயந்திரத்தில் வர்ணம் பூசப்படாத கனத்த இரும்புப் பாகம் ஒன்றில் பொருத்துக. அந்த இடம் பாட்டரியிலிருந்தும், டீசல் அல்லது பெட்ரோல் குழாய்களிலிருந்தும், சுழலும் பாகங்களிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். முகத்தை அப்புறம் திருப்பிக்கொண்டு, ஒரே முறையில் அழுத்தமாகப் பொருத்துக. தொட்டுத் தொட்டு எடுக்கலாகாது.

7. உதவும் வண்டியைக் கிளப்பி, சுமார் 5 நிமிஷம் ஓடவிடுக. இதற்குள் ஓய்ந்த பாட்டரிக்குச் சிறிது வலு வந்துவிடும்.

8. பின்னர் ஓய்ந்த வண்டியை அதன் ஆசனத்தில் அமர்ந்து கிளப்புக. ஒரு முறைக்கு 5 முதல் 10 விநாடிக்கு மேல் சுழற்றலாகாது. கிளம்பாவிட்டால் இரண்டு நிமிஷம் பொறுத்து மீண்டும் முயல்க. நாலைந்து முயற்சியிலும் பயனில்லையாயின் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே முறை.

புதிய வண்டிகள் பலவற்றில் இதற்கெனத் தனி முனைகள் அமைத்திருப்பார்கள். சிலவற்றில் எதிர்முனையில் நுட்பமான உணர்கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். உதவும் வண்டியை ஓடவிடுவதா, நிறுத்தி வைப்பதா என்பதிலும் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபாடு உண்டு. எனவே வண்டியோடு வந்த கையேட்டை முதலில் பார்க்க வேண்டும். அது இப்பாடத்திற்கு மாறாகக் கூறுமாயின் கையேட்டையே பின்பற்றுக.

வரிசையின் காரணம்

அச்சுப் பிணைக்கும்போது ஓர் இழை மாறினாலும் தறியில் நெசவு கெடும். அங்கே கெடுவது துணி. இங்கே கெடுவது கண். ஆகவே காரணத்தையும் அறிந்துகொள்வது நலம்.

வண்டியின் இரும்பு உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. கறுப்புக் கம்பியை முதலில் இணைத்துவிட்டால், பின்பு சிவப்புக் கவ்வி கை தவறி எந்த இரும்பின்மேல் பட்டாலும் பெரும் பொறி எழும். சிவப்பை முதலில் முடித்துவிட்டால் அந்த அபாயம் நீங்குகிறது. சிவப்பிலும் ஓய்ந்த பாட்டரியை முதலாவதாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு: கையில் எஞ்சியிருக்கும் மறு கவ்வி எங்கேனும் பட்டாலும், வலுவற்ற பாட்டரியின் மின்சாரமே அதில் இருக்கும். கடைசிக் கவ்வியை இயந்திர இரும்பில் வைக்கும் காரணத்தை முன்னரே கூறினோம்.

நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றி இணைத்தால் என்னவாகும்? இரண்டு பாட்டரிகளின் மின்னழுத்தமும் ஒன்றோடொன்று கூடி, அடக்க முடியாத மின்னோட்டம் பாயும். கம்பி பழுக்கும், ஆல்டர்னேட்டரும் மின்னணுக் கருவிகளும் அழியும், பாட்டரி வெடிக்கவும் கூடும். உதவ வந்தவரின் வண்டியும் சேர்ந்து கெடும்.

கழற்றும் வரிசை

வண்டி கிளம்பிய மகிழ்ச்சியில் கம்பிகளை அவசரமாகப் பிடுங்குவதனாலும் விபத்துக்கள் நேர்கின்றன. பொருத்திய வரிசையை அப்படியே தலைகீழாக்கிக் கழற்ற வேண்டும். முதலாவது, கிளம்பிய வண்டியின் இயந்திர இரும்பிலுள்ள கறுப்புக் கவ்வி. இரண்டாவது, உதவிய பாட்டரியிலுள்ள கறுப்புக் கவ்வி. மூன்றாவது, உதவிய பாட்டரியிலுள்ள சிவப்புக் கவ்வி. நான்காவது, கிளம்பிய வண்டியின் சிவப்புக் கவ்வி. ஒரு கவ்வி மற்றொன்றைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

டிராக்டர் வைத்திருப்போருக்குத் தனி எச்சரிக்கை

டிராக்டரின் பக்கத்தில் தரையில் நின்றுகொண்டு, தொடக்க மோட்டாரின் இரு முனைகளையும் திருப்புளியால் தொட்டுக் கிளப்பும் வழக்கம் கிராமங்களில் காணப்படுகிறது. இது மிகக் கொடிய பழக்கம். கியர் விழுந்திருக்கையில் டிராக்டர் கிளம்பாதபடி பல டிராக்டர்களில் பாதுகாப்பு ஸ்விட்ச் அமைத்திருக்கிறார்கள். திருப்புளி அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. கியர் விழுந்திருந்தால் டிராக்டர் கிளம்பிய அக்கணமே நகரும். நிற்பவர் பெரிய பின்சக்கரத்திற்கு முன்னால் இருப்பார். விலக நேரம் இராது. பாட்டரிக்குக் கம்பி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், டிராக்டரை ஆசனத்தில் அமர்ந்து சாவியாலேயே கிளப்ப வேண்டும். சாவி வேலை செய்யவில்லையாயின் பழுதைச் சரி செய்யும்வரை உழவு நிற்கட்டும். ஒரு நாள் உழவை அடுத்த நாள் செய்துகொள்ளலாம்.

அமிலம் பட்டுவிட்டால்

கண்ணில் அமிலம் தெறித்தால் ஒரு நொடியும் தாமதியாமல் சுத்தமான தண்ணீரால் கழுவத் தொடங்க வேண்டும். இமைகளை விரலால் விலக்கிப் பிடித்து, குறைந்தது 20 நிமிஷம் தொடர்ந்து தண்ணீர் ஓடவிட வேண்டும். பிறகு தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கண்ணைத் தேய்க்கலாகாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் முதலியன ஊற்றுவது தவறு. சோடா கரைத்த நீரும் கண்ணுக்கு ஆகாது. தண்ணீர் ஒன்றே முதல் மருந்து.

தோலில் பட்டால் நனைந்த உடையைக் களைந்துவிட்டு நிறையத் தண்ணீரால் கழுவுக. பருத்தித் துணியில் விழுந்த ஒரு துளி அமிலம் அன்று கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, துவைக்கும்போது துளையாக வெளிப்படும். ஆகவே பாட்டரியைச் சரக்கு மூட்டைகளோடு ஒரே வண்டியில் ஏற்றுவது சங்கத்திற்கு நஷ்டத்தைத் தேடிக்கொள்வதாகும்.

கிளம்பிய பிறகு

கடன் வாங்கிய வலுவால் கிளம்பிய வண்டியை உடனே அணைத்துவிடலாகாது. அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். அதனால் மட்டும் பாட்டரி முழுதும் நிறைந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. அடுத்த வாய்ப்பிலேயே கடையில் கொடுத்து மெதுவாக மின்னேற்றம் செய்விக்க வேண்டும். ஓய்ந்த நிலையில் பல நாள் கிடந்தால் தகடுகளில் படிந்த சல்பேட் கெட்டியாகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் வலு திரும்பாது.

இயந்திரம் ஓடும்போது 12 வோல்ட் பாட்டரியின் முனைகளில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ சோதிக்க வேண்டும். அது பழுதாயிருக்கப் பாட்டரியை மாற்றுவது, மடை உடைந்த ஏரிக்குத் தண்ணீர் விடுவதை ஒக்கும்.

உழவு முடிந்து மாதக்கணக்கில் நிற்கும் டிராக்டரின் பாட்டரி, விளக்கு எரியாவிட்டாலும் தானே சிறிது சிறிதாக ஓயும். நம் நாட்டு வெப்பம் அந்த ஓய்வைத் துரிதப்படுத்துகிறது. எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்து, மாதம் ஒரு முறை மின்னேற்றம் செய்து வந்தால் இக்குறை நேராது. பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பொருத்தும்போது எதிர்முனையைக் கடைசியிலும் தொட வேண்டும். தண்ணீர் விடும் வகைப் பாட்டரியாயின், குறியிட்ட மட்டம்வரை காய்ச்சி வடித்த நீர் மட்டுமே விடுக. கிணற்று நீரும் ஆகாது, அமிலமும் ஆகாது. முனைகளில் பூத்த உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைக்கலாம். அந்நீர் மூடி வழியே உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்க.

சங்கங்கள் செய்யத் தக்கது

தடித்த கம்பிகள் ஒரு ஜோடி, கண்ணாடி, ரப்பர் உறை, கம்பித் தூரிகை, மின்னழுத்தம் அளக்கும் கருவி, தண்ணீர்க் குப்பி ஆகியவற்றை ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. சங்கம் ஒரு பெட்டியில் இவற்றை வாங்கி வைத்து, எடுத்துச் செல்வோர் பெயரைப் புத்தகத்தில் பதிந்து கொடுக்கலாம். இணைக்கும் வரிசையையும் கழற்றும் வரிசையையும் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டி வைக்கலாம். இப்போது கையடக்கமான லித்தியம் தொடக்கக் கருவிகளும் கிடைக்கின்றன. வசதியுள்ள சங்கங்கள் அவற்றையும் வாங்கலாம். அவற்றை வெயிலில் காயும் வண்டிக்குள் விட்டு வைக்காமல் நிழலில் வைப்பது அவசியம்.

வலுவுள்ளவர் வலுவற்றவருக்குக் கை கொடுப்பதே கூட்டுறவின் தத்துவம். அந்த உதவியால் கொடுப்பவருக்கும் கேடின்றி, பெறுபவருக்கும் கேடின்றி இருக்க வேண்டும் என்பதும் அதே தத்துவத்தைச் சேர்ந்தது. அடுத்த முறை ஒரு வண்டி நின்றுவிடும்போது, நம் அங்கத்தினர் ஒருவர் முன்வந்து, “பொறுங்கள், கடைசிக் கவ்வி பாட்டரியில் வேண்டாம்” என்று சொல்வாராயின் இப்பாடம் தன் பயனை அடைந்ததாகும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நான்காவது கவ்வியைப் பொருத்தும்போது மட்டும் பொறி எழுவது ஏன்? அதை எங்கே பொருத்த வேண்டும்?

2. உங்கள் சங்கத்து வண்டியின் மின்னழுத்தம் எத்தனை வோல்ட்? அதை எவ்வாறு அறிந்தீர்கள்?

3. கம்பி கொடுக்கலாகாத நிலைமைகள் மூன்றைக் கூறுக.

4. அமிலம் கண்ணில் பட்ட ஒருவர் உங்கள் முன் நிற்கிறார். முதல் 20 நிமிஷத்தில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

5. திருப்புளியால் டிராக்டரைக் கிளப்பும் வழக்கம் உங்கள் ஊரில் உண்டா? அதை நிறுத்தச் சங்கம் என்ன செய்யலாம்?